நூற்றுக்கு அறுபத்தொன்று

தும்பிக்குப் பலம் போதாது. வெளியே யார் என்ன பெருமை பேசினாலும், கோயம்புத்தூரில் ஒரு பழைய பஞ்சாலைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து அதைச் செய்த இருபத்தாறு பேருக்கும் அது தெரியும். தும்பி ஒரு விளையாட்டுப் பெட்டி. பஸ்ஸிலும் படுக்கையிலும் கையில் வைத்து ஆடலாம். வீட்டுக்கு வந்து டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு மேடையில் செருகினால், விட்ட இடத்திலிருந்து அதே ஆட்டம் பெரிய திரையில் தொடரும். கைக்கும் ஆச்சு, டிவிக்கும் ஆச்சு. ஆனால் கைக்குள் அடங்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் கணினிச் சில்லும் சின்னதாகத்தானே இருக்கும்? போட்டிக்கு நின்ற வெளிநாட்டுப் பெட்டிகள் இரண்டும் டிவிக்கு அடியில் அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், இடத்தை விட்டு நகராது. பலம் மட்டும் பத்து மடங்கு. தும்பி ஒரு தீபாவளியைத் தாண்டாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

தாண்டியது. மூன்று தீபாவளி தாண்டியது. அதற்குக் காரணம் தாரணி.

அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூத்து நடக்கும். துண்டுப் பரீட்சை என்று பெயர். தங்கள் பெட்டியையும் போட்டிக்காரர்களின் பெட்டிகளையும் வரிசையாக வைத்து, மேலே சென்னிமலைத் துண்டு போட்டு மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவருவார்கள். கல்லூரிப் பையன்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டுப் பெண்கள், யார் கிடைத்தாலும் சரி. எது யாருடையது என்று தெரியாமல் ஆடிவிட்டு, எந்தப் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். எட்டு மாதம், ஒரு வெள்ளி விடாமல், தும்பி கடைசி. வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது தாரணிக்கு.

பிறகுதான் அவள் ஊகியை எழுதினாள். மற்ற பெட்டிகள் நீங்கள் பட்டனை அமுக்கிய பிறகு படம் வரையும். தும்பி அப்படி வரைந்தால் டிவியின் பெரிய திரையில் மூச்சு வாங்கும். அதனால் நீங்கள் அடுத்து எதை அமுக்குவீர்கள் என்று முன்னாலேயே ஊகித்து, படத்தை வரைந்து தயாராக வைத்துக்கொள்ளும். அதற்குத்தான் ஊகி. முதலாளி ஜெகதீசன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். ஊகம் தப்பினால் என்ன ஆகும் என்று கேட்டார்.

“அழிச்சுட்டு மறுபடி வரையணும் சார். அந்த எடத்துல படம் திக்கும்.”

“திக்காம இருக்க வழி?”

அப்போதுதான் தாரணி அதைச் சொன்னாள். நாக்கு நுனியில் வந்துவிட்டது, சொல்லிவிட்டாள். “கொஞ்சூண்டுதான் தப்புன்னா, அழிக்க வேண்டாம் சார். நம்ம ஊகத்தையே வெச்சுக்கலாம். ஆடறவங்களுக்குத் தெரியாது.”

“எத்தன தடவ அப்படி வரும்?”

“நூத்துக்கு ஏழு.”

ஏழுதானே என்று ஜெகதீசன் சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமை பத்துப் பேரில் எட்டுப் பேர் துண்டைத் தூக்கிப் பார்க்காமலே தும்பியைக் காட்டினார்கள். ஒரு பெண், “இந்தப் பெட்டியில நான் நல்லா ஆடறனுங்க” என்றாள். தாரணிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண் ஆடிய ஆட்டத்தில் நூற்றுக்கு ஏழு அவளுடையது இல்லை என்பது மனதில் எங்கோ நெருஞ்சியாகத் தைத்தது. தைத்தால் என்ன? வெற்றி வந்த வேகத்தில் யார் குனிந்து முள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்? ஏழு என்ற கணக்கு அவளோடும் முதலாளியோடும் நின்றுபோனது.

நிற்க, அவளுடைய அக்காள் வீட்டுக்காரர் கதைக்கு வருவோம். பெயர் நாச்சிமுத்து. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இருபத்திரண்டு வருஷம் ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டியவர். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இடது கை கியரில், வலது கை ஸ்டியரிங்கில், வாயில் பாட்டு. அந்த ஊரில் அவரை டிரைவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலைக்காரர் என்றால்தான் தெரியும். தை மாதம் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்கு இடது பக்கம் இழுத்துவிட்டது. பக்கவாதம். உயிர் தப்பியது, கால் ஒரு மாதத்தில் வந்தது, பேச்சும் வந்தது. இடது கை மட்டும் வந்தும் வராமலும் நின்றது.

சும்மா இருப்பாளா தாரணி? ஒரு தும்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதில் மலைப்பாதை என்று ஒரு கார் ஆட்டம், இடது கட்டைவிரலால் திருப்ப வேண்டும், வலது கட்டைவிரலால் வேகம். மாமாவுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. அதோடு விட்டாளா, அவர் பயிற்சிக்குப் போன மறுவாழ்வு மையத்துக்கும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். படுக்கையில் கிடப்பவர் கையில் வைத்து ஆடலாம், எழுந்து உட்கார்ந்தவர் கூடத்தில் டிவியில் ஆடலாம். டிவியில் ஆடும்போது பெட்டியின் இரண்டு ஓரங்களும் கழன்று கைக்கொன்றாக வந்துவிடும்; எந்தக் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று தனித்தனியாக மார்க் போடும். அங்கே இருந்த பயிற்சியாளர் சின்னப் பெண், பயந்த சுபாவம். இந்த மார்க்கை நம்பலாமா மேடம் என்று கேட்டாள்.

“கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்,” என்றாள் தாரணி.

சொல்லும்போது ஊகி நினைவுக்கு வரவே இல்லையா என்று கேட்டால், வந்தது. ஏழுதானே என்று இருந்துவிட்டாள்.

இரண்டாம் மாதம் நாச்சிமுத்து போனில் ஒரு சந்தேகம் கேட்டார். கையில் வைத்து ஆடினால் கார் வளைவுக்கு வளைவு பள்ளத்தில் விழுகிறது. அதையே டிவியில் போட்டால் சும்மா பறக்கிறது, இது ஏன் என்றார். தாரணி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கையில் இருப்பது சின்னத் திரை, வயதும் ஐம்பத்தொன்று, கண் மங்கியிருக்கும், ஒரு கண்ணாடி போடுங்கள் மாமா என்று சொல்லிவிட்டாள். கையில் வைத்து ஆடும்போது சின்னப் படத்துக்கு ஊகி தேவையில்லை, அது தூங்கும், டிவியில்தான் விழிக்கும். இதை எழுதியவளே அவள்தான். அவளுக்கே உறைக்கவில்லை. அவர் மறுநாளே போய்க் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஆறாம் மாதம் மையத்துக் கூடத்து டிவியில் இடது கைக்குத் தொண்ணூற்று நான்கு மார்க். அந்த மார்க்கைப் பார்த்தே மையத்தில் தகுதிச் சான்று கொடுத்துவிட்டார்கள். பஸ் முதலாளியும் வியாழக்கிழமை முதல் நடைக்கு வரச் சொல்லிவிட்டார். அதைக் கொண்டாடத்தான் ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி வீட்டில் கறிச்சோறு.

சொந்தபந்தம் இருபது பேர் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் நாச்சிமுத்துவின் தம்பி, அண்ணன் ஓட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று ஆரம்பித்தான். அவரும் கூச்சப்படுகிற மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். கார் மலையேறியது. அடேயப்பா, என்ன ஓட்டு! ஒன்பதாவது வளைவு, பத்தாவது வளைவு, ஒரு கீறல் இல்லை. அக்காள் பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். தாரணிக்கு உட்கார இடம் கிடைத்தது பக்கவாட்டில், சுவரோரம். அங்கிருந்து டிவி சரியாகத் தெரியாது. அவர் கைதான் தெரிந்தது.

இடது கட்டைவிரல் அசையவில்லை.

அசையவே இல்லை என்று சொல்ல முடியாது. வளைவு வரும்போது ஒரு துடிப்பு. ஈ உட்கார்ந்தால் தோல் துடிக்குமே, அவ்வளவு. பட்டன் பாதிகூட அமுங்கவில்லை. கார் மட்டும் அழகாகத் திரும்பியது.

 ஆட்டம் முடிந்து எல்லோரும் கை தட்டியதும், தாரணி புது அப்டேட் போட்டுத் தருகிறேன் என்று பொய் சொல்லிப் பெட்டியை உள் அறைக்கு எடுத்துப்போனாள். ஊகி எத்தனை தடவை தன் ஊகத்தையே வைத்துக்கொண்டது என்று பெட்டிக்குள் கணக்கு இருக்கும். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியும். பார்த்தாள். இடது கை, நூற்றுக்கு அறுபத்தொன்று.

நோஞ்சான் கை ஊகத்தோடு சண்டை போடாது, அதுதான் விஷயம். நல்ல கை தப்பு ஊகத்தை எதிர்த்து அமுக்கும். இந்தக் கை எதையும் எதிர்க்கவில்லை. ஆறு மாதமாக அந்தத் துடிப்பைப் படித்துப் படித்து, மனிதன் எங்கே திரும்ப நினைக்கிறான் என்று ஊகி கற்றுக்கொண்டுவிட்டது. கை மோசமாக மோசமாக, மார்க் கூடியிருக்கிறது. அவள் எழுதிய புரோகிராம், அவள் கொண்டுபோய்க் கொடுத்த பெட்டி, அவள் வாயால் கொடுத்த உத்தரவாதம். அவள் வாங்க வைத்த கண்ணாடி வேறு.

வியாழக்கிழமை வால்பாறை பஸ்ஸில் ஐம்பத்தைந்து பேர் ஏறுவார்கள்.

பின்பக்கம் தென்னந்தோப்புக்குப் போய் ஜெகதீசனுக்குப் போன் போட்டாள். அவர் முழுதும் கேட்டார். முதலில் அடங்கிய குரலில், யாரிடமும் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். அடுத்த புதன்கிழமை தும்பியின் புது மாடல் வெளியாகிறது, இந்த நேரத்தில் ஆளுக்குப் பதிலாக ஊகிதான் ஆடுகிறது என்று தெரிந்தால் போட்டிக்காரர்கள் நம்மை மென்று துப்பிவிடுவார்கள், இருபத்தாறு குடும்பம் தெருவில் நிற்கும் என்றார். உங்கள் வீட்டு ஆள்தானே, வேறு ஏதாவது காரணம் சொல்லி நிறுத்திவிடுங்கள் என்றார். போனை வைக்கிற நேரத்தில் குரலில் ஒரு மாற்றம். “அறுபத்தொண்ணா சொன்னீங்க?” என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றாள். “ம்ம்,” என்று வைத்துவிட்டார்.

இப்போது தாரணி செய்த காரியத்தைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. நேராகப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே வந்து ஊகியை நிறுத்திவைத்தாள். நிறுத்திவிட்டுப் பெட்டியை மேடையில் செருகி, அப்டேட் ஆச்சு மாமா, இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். அவரே ஓட்டிப் பார்க்கட்டும், அவருக்கே தெரியட்டும், அவரே வேண்டாம் என்று சொல்லட்டும். நம் வாயால் சொல்ல வேண்டாமே. இதுதான் அவள் கணக்கு.

முதல் வளைவிலேயே கார் பள்ளத்தில் போய் விழுந்தது.

கூடத்தில் சிரிப்பு. அவரும் சிரித்தார். இரண்டாம் தடவை, அதே வளைவு, அதே பள்ளம். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டினார். நிமிர்ந்தே விழுந்தார்.

“என்னுங்கண்ணா,” என்றான் தம்பி, “வியாழக்கெழம வண்டியில ஆளேத்தறதா, ஆட்டுக்குட்டி ஏத்தறதா?”

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூங்கோதை மட்டும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து தன் இடது கையை ஒரு நிமிஷம், அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கறியை வளைத்துக் கட்டிவிட்டேன், கை அசந்துபோச்சு என்று சொல்லி எழுந்து பின்பக்கம் போனார். தாரணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இருபது பேருக்கு முன்னால் அந்த மனிதர் கூனிக்குறுகி நடந்துபோனதைப் பார்த்துக்கொண்டு, தட்டில் இருந்த ஆரஞ்சுச் சுளையில் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

அரை மணி நேரம் கழித்துப் பின்னால் போனாள். தென்னை மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மடக்கி விரித்து, மடக்கி விரித்து, முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. அவளைக் கண்டதும் கையை மடிக்குள் மறைத்தார்.

“அம்மணி,” என்றார், “மறுபடியும் வந்துருச்சு போல இருக்குது. இந்தக் கை சாப்பாட்டுக்கு முன்னால நல்லாத்தான இருந்துச்சு? நீயே பாத்தயல்ல? உங்கக்காகிட்டச் சொல்லீராத. பயந்துருவா.”

தாரணிக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு பக்கவாதம் என்று அந்த மனிதர் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் காலடியில் மண்ணில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு ஒண்ணும் வரலீங் மாமா. நாந்தான் அத நிறுத்திப்போட்டேன்.”

எதை என்று கேட்டார். சொன்னாள். ஊகி என்றால் என்ன, ஏன் எழுதினாள், நூற்றுக்கு ஏழு, பிறகு அறுபத்தொன்று. ஒரு தடவைக்கு இரண்டு தடவை அவர் குறுக்கே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். நிதானமாகத்தான் கேட்டார். அவள் சொல்லி முடித்ததும் தேங்காய் மட்டை ஒன்றைக் காலால் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

“அப்ப அந்தத் தொண்ணூத்திநாலு?”

“உங்களுது முப்பத்தஞ்சுதான் இருக்குமுங் மாமா.”

“கண்ணுக்கு?”

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“என்ற கண்ணுக்கு ஒண்ணுமில்லையா?”

“இல்லீங் மாமா.”

கண்ணாடியைக் கழற்றினார். மடக்கிச் சட்டைப்பையில் வைத்தார். தாரணி தலையை நிமிர்த்தவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“நாப்பது வளைவு அம்மணி,” என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. “பொம்பளைங்க, கொழந்தைங்க. என்னைய நம்பித் தூங்கிட்டு வருவாங்க. ஏழோ, அறுவதோ, வண்டிய யாரு ஓட்டறதுன்னு ஓட்டறவனுக்குத் தெரியோணுமல்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கோணுமல்ல?”

 அவர் போனை எடுத்து, அவள் முன்னாலேயே பஸ் முதலாளியைக் கூப்பிட்டார். கை இன்னும் தேறவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டே வாக்கியம். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தோப்பைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஏதோ யோசனை வந்தவர் போல, “அறுபத்தொண்ணு அதுவா பண்ணுச்சுன்னு சொன்னியல்ல? நான் எங்க திருப்போணும்னு நெனைக்கறனோ அங்க?” என்றார்.

“ஆமாங் மாமா.”

“அத பஸ்ஸில வெக்க முடியாதா?”

முடியும். தாரணிக்கு அது கேட்ட நொடியே தெரிந்துவிட்டது. இப்போதைய ஸ்டியரிங்கில் மோட்டார் இருக்கிறது, அந்தக் கைப்பிடியில் இரண்டு சென்சாரை ஒட்டினால் ஊகிக்கு அதுவும் ஒரு பட்டன்தான். கியருக்கும் வழி உண்டு. ஆனால் நூற்றுக்கு அறுபத்தொரு தடவை தானே திருப்புகிற பெட்டி, அதில் ஒரு தடவை தப்பாக ஊகித்தால்? ஆட்டத்தில் பள்ளம் என்றால் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம்.

“முடியாதுங் மாமா. அது வெளையாட்டுக்கு மட்டுந்தான்.”

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். அன்றைக்கு அவள் சொன்ன பொய்களிலேயே இது ஒன்றுதான் நல்ல பொய் என்று தாரணி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஊர் திரும்பினாள். மறுநாள் மறுவாழ்வு மையத்துக்குப் போய் அந்தச் சின்னப் பெண்ணிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். ஊகியை நிறுத்தி, அதே பெட்டியில் இன்னும் பதினோரு பேரின் கைகளை மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் தன் நோட்டில் பழைய மார்க்குகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். ஜெகதீசன் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை, அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. புது மாடல் புதன்கிழமை வெளியாகி நன்றாகவே விற்றது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, முதலாளி அறைக்கு வரச் சொன்னார்கள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம், வெளுத்த சட்டையும் விபூதியுமாக நாச்சிமுத்து. முன்னால் காபி. இடது கை மேசைக்குக் கீழே.

“வா அம்மணி,” என்றார் எழுந்து. முகமெல்லாம் மலர்ச்சி. பெட்டியின் அடியில் போட்டிருந்த முகவரியைப் பார்த்துப் பஸ் ஏறி வந்துவிட்டாராம். விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாமே என்று தோன்றியதாம். “நீ முடியாதுன்னு சொன்னயல்ல? ஐயா முடியுங்கறாரு. உனக்குத் தெரிஞ்சிருக்காது, நீ என்ன பண்ணுவ பாவம்.”

அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். கிண்டல் இல்லை. ஜெகதீசன் மட்டும் தாரணியைப் பார்த்தார், எல்லாம் தெரிந்த பார்வை. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள்.

ஜெகதீசன் பேசினார். அன்று போனில் அறுபத்தொன்று என்று கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை என்றார். பலத்தில் போட்டிக்காரர்களோடு எத்தனை நாள் மல்லுக்கு நிற்பது? அவர்கள் அடுத்த வருஷம் இருபது மடங்கு என்பார்கள். நம் பெட்டி சின்னது, எடுத்துப்போகலாம், எதில் வேண்டுமானாலும் செருகலாம். டிவியில் செருகுவதைப் பஸ்ஸில் செருகினால்? கிரேனில், டிராக்டரில், தையல் மெஷினில்? கை போனவர்கள் நாட்டில் எத்தனை லட்சம்? “அவங்ககிட்ட வேகம் இருக்கு தாரணி. ஆனா செயல்படாத கை என்ன நெனைக்குதுன்னு தெரிஞ்ச பெட்டி எவன்கிட்ட இருக்கு?” என்றார். அந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருந்தது, அதுதான் கொடுமை. எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபிறகு, இது தப்பு என்று சொல்ல எந்த வாய் எழும்?

தாரணி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். செய்தால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பஸ்ஸின் நெற்றியில் எழுத வேண்டும், ஏறுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், இந்த வண்டியில் பாதிக்கு மேல் பெட்டிதான் ஓட்டுகிறது என்று. ஊகம் தப்பவும் தப்பும் என்று.  மாமா கண்டிப்பாகத் தன் பக்கம் நிற்பார் என்று நம்பினாள். தோப்பில் அவர் கேட்ட கேள்விதானே இது.

“போர்டு போட்டா எவன் ஏறுவான்?” என்றார் ஜெகதீசன். பிறகு மரியாதையாக நாச்சிமுத்து பக்கம் திரும்பினார். “ஓட்டப்போறது நீங்க. நீங்களே சொல்லுங்க. சொல்லணுமா?”

நாச்சிமுத்து இடது கையை மேசைக்கு மேலே எடுத்துவைத்தார். வலது கையால் அதை ஒருமுறை நீவிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. 

“வேண்டாமுங்க,” என்றார். “ஏர்றவங்களுக்கு அதெல்லாம் என்னத்துக்குங்க. தெரிஞ்சா பயந்துக்குவாங்க.”

அதைச் சொல்லும்போது அவர் தாரணியைப் பார்க்கவில்லை. காபி தம்ளரைப் பார்த்துச் சொன்னார். அவர் காதுமடல் சிவந்திருந்தது. அந்த வெட்கம் எங்கிருந்து அவருக்குப் போனது என்று தாரணிக்குத் தெரியும்.

“எத்தன மாசம் ஆகும் தாரணி?” என்று கேட்டார் ஜெகதீசன்.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த வார்த்தையை ஏற்கெனவே ஒரு தடவை பொய்யாகச் சொல்லித் தீர்த்திருந்தாள்; இனி அதை அந்த அறையில் யார் நம்புவார்கள்? நாச்சிமுத்து இப்போது நிமிர்ந்து அவளையே பார்த்தார்.

“எட்டு மாசம் ஆகுங்க சார்,” என்றாள்.